சிறு காரும் பெரு மூட்டையும்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பர். மலைநாட்டு வீதிகளில் எப்போதாவது கண்ணிற்படும் பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இம்மொழி நன்கு பொருந்தும். தாழ்ந்த உடல், இரண்டே ஆசனங்கள், மடித்துவிடக்கூடிய துணிக்கூரை. ஆயினும் வளைவிலும் ஏற்றத்திலும் பெரிய கார்களையும் நாணச் செய்வன அவை. நுவரெலியாவின் மகஹஸ்தோட்டையில் மலையேற்றக் காரோட்டப் போட்டிகள் 1930களிலேயே நடைபெறத் தொடங்கின என்பதை நோக்கின், மலைக்கும் இக்கார்களுக்கும் உள்ள உறவு புலனாகும்.

இவை இன்றும் எஞ்சியிருப்பதற்குக் காரணம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இலங்கையிற் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த காரையே பழுது பார்த்து ஓட்டவேண்டிய நிலை. ஆதலால் மற்ற நாடுகளில் இரும்புக் கடைக்குப் போன வண்டிகள் இங்கே கைதேர்ந்த மெக்கானிக்குகளின் தயவால் உயிர் பிழைத்தன.

இத்தகைய காரொன்றில் இருவர் புறப்பட்டு, பதுளையைச் சுற்றியுள்ள ஊவா மலைகளில் இரண்டு இரவு கூடாரமடித்துத் தங்கிவர விரும்பினால், பொருள்களை எங்ஙனம் அடுக்குவது? இன்று அதனையே ஆராய்வோம்.

உதாரணமாக 1958இல் வெளிவந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டை எடுத்துக்கொள்வோம். முன்விளக்குகள் மேலே துருத்திக்கொண்டிருப்பதால் ‘தவளைக்கண்’ என்று செல்லப்பெயர் பெற்ற கார் அது. நீளம் ஏறத்தாழ 3.5 மீற்றர், எடை ஏறத்தாழ 650 கிலோகிராம், இயந்திரம் 948 கன சென்ரிமீற்றர். வேடிக்கை என்னவென்றால், பின்புறத்திலே பொருள் வைக்கும் கதவே அதற்குக் கிடையாது! ஆசனங்களின் முதுகை முன்னே சாய்த்து, குகைக்குள் கைவிடுவது போல் பொதிகளை உட்செலுத்த வேண்டும். உபரிச் சக்கரமும் அக்குகைக்குள்ளேதான் கிடக்கும். 1961இல் வந்த அடுத்த மாதிரியிலேதான் பின்கதவு வைத்தனர்.

இடம் குறைவு என்பதே எல்லோர் கண்ணுக்கும் முதலில் தெரியும் குறை. நாம் அஞ்சவேண்டியதோ இடத்தையன்று, எடையையே. எல்லவிலிருந்து வெல்லவாய வரை செல்லும் வீதி, 30 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் ஏறத்தாழ 800 மீற்றர் கீழிறங்குகிறது. காரும் இருவரும் மூட்டையும் சேர்ந்து 800 கிலோகிராம் எனக் கொள்வோம். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சுமார் 18 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பௌதிகம் பயிலும் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். இயந்திரமும் காற்றும் தாங்கியது போக எஞ்சிய வெப்பம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். முதல் ஸ்பிரைட்டின் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை பழைய டிரம் பிரேக்குகள். அவை அளவுக்கு மீறிச் சூடேறினால், மிதித்தும் பிடி விழாது. நாம் ஏற்றும் ஒவ்வொரு 20 கிலோகிராமும் இன்னுமோர் அரை லீற்றர் நீரைக் கொதிக்கவைக்கும் வெப்பத்தைக் கூட்டுகிறது என்பதை நினைவிற் கொள்க.

அவ்வீதியின் கொடுமை கற்பனையன்று. 2025 செப்டெம்பரில் அங்கே சுற்றுலாப் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து, 15 பேருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குவதே மலைவீதியின் பழைய விதி. வழியிலே இராவணா நீர்வீழ்ச்சியருகே சற்று நிறுத்தினால் கண்ணும் குளிரும், பிரேக்கும் குளிரும்.

இனி அடுக்கும் முறை. பெட்டிகளை அறவே தவிர்த்து, துணிப்பைகளையே கொள்க. பை வளைந்து இடுக்கிற் புகும், பெட்டி புகாது. கூடாரத்தைக் கம்பு வேறு, துணி வேறாகப் பிரித்திடுக. கம்புகள் ஓரமாக நீளவாட்டிற் கிடக்கட்டும். முளைகள், அடுப்பு, கருவிகள் முதலிய கனத்தவை ஆசன முதுகையொட்டித் தாழ்வாக இருத்தல் வேண்டும். கனம் வாற்புறம் சென்றால் முன்சக்கரம் இலேசாகி, வளைவிலே கார் சொற்கேளாது. கம்பளிகளும் உடைகளும் பின்னேயும் மேலேயும் அடையலாம். சட்டிக்குள் அரிசி, அரிசிக்குள் முட்டை. குவளைக்குள் உப்பும் தீப்பெட்டியும். வெற்றிடம் என்பதே இருத்தலாகாது. மழைப் படங்கு எல்லாவற்றிற்கும் மேலே இருக்கட்டும். மழை வரும்போது அதுவே முதலில் வேண்டும். உணவு இருக்கும் இடத்தில் எரிபொருட் போத்தலை வைத்தலாகாது. காலடியில் எதையும் வைப்பது அதனினும் தீது. உருளும் போத்தலொன்று பிரேக் மிதியின் கீழ்ச் சென்று தங்கினால் என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று சொல்லிச் சொல்லியே நாம் மூட்டையைப் பெருக்குகிறோம். மடக்கு நாற்காலியும் இரண்டாவது சட்டியும் வீட்டிலேயே இருக்கட்டும். விசிறி பெல்ட், ஜாக், சக்கரத்திற்கு முட்டுக்கொடுக்கும் கட்டை, அட்டைக் கடிக்குச் சிறிது உப்பு ஆகியவற்றை மட்டும் மறவற்க. நீர் லீற்றருக்கு ஒரு கிலோகிராம். ஆதலின் வெறுங்கலத்தைக் கொண்டுசென்று, தங்குமிடத்திற்கு அண்மையில் நிரப்புவதே அறிவுடைமை.

தங்குமிடமும் எண்ணித் துணியற்பாலது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட கச்சான் காற்றே அக்காலத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தைத் தருகிறது. அதே காற்று பத்தனைப் புல்லைச் சருகாக்கியும் வைக்கிறது. அணையாத கொள்ளியொன்று போதும், ஒரு மலைமுகமே எரிந்துபோகும். அதனை அணைக்க ஓடிவருவோர் தோட்டத் தொழிலாளரே. ஆகவே அக்காலத்தில் விறகுத்தீ வேண்டாம். தோட்ட நிலமாயின் நிருவாகத்தின் அனுமதியின்றி முளை அடித்தலாகாது. ஓகியா வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்வோர் வனசீவராசிகள் திணைக்களத்தின் முன்னனுமதி பெறவேண்டும். தை மாதத்து இரவுகளில் அங்கே உறைபனி விழுவதுமுண்டு.

வடகீழ்ப் பருவமழைக் காலத்திலோ, செங்குத்துச் சரிவின் அடியிற் கூடாரமே கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதை ஊவா மறக்கவில்லை. நாம் ஓரிரவு தங்கிச் செல்வோம். அத்தகைய சரிவுகளின் கீழே ஆண்டு முழுவதும் குடியிருப்போர் இன்னும் உளர்.

பழைய லயன் அறை ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. அதற்குள்ளே அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் புத்தகமும் இடம்பிடிக்க வேண்டும். அது அவர்கள் விரும்பித் தேர்ந்த எளிமையன்று; நாம் இரண்டு நாள் விளையாட்டாக மேற்கொள்வதோ விரும்பித் தேர்ந்தது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் லயத்துப் பீலியில் நீர் பிடிக்கும்போது வரிசையிற் காத்திருப்பர், கேட்டு வாங்குவர், குப்பையை அங்கே விட்டுவரார். திரும்பும் வழியில் அக்குப்பைக்கும் காரில் ஓரிடம் வேண்டுமென்பதைப் புறப்படும் முன்னரே கணக்கிற் சேர்த்துக்கொள்வோமாக.