சிறு கூடமும் இரு வண்ணமும்

வண்ணம் என்பது செல்வர் மாளிகைக்கே உரியது, பத்தடி அகலமுள்ள கூடத்தில் வாழ்வார்க்கு அதனைப்பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என்று வினவுவார் நம்மிற் பலர். அறை சிறிதாயின் நாற்புறமும் மங்கலான ஒரு வெளிர்நிறத்தைப் பூசிவிட்டு அமைவதே அறிவுடைமை என்பது அவர்தம் கொள்கை. யான் இதனை மறுக்கின்றேன். கூடம் சிறிதாகுந்தோறும் வண்ணம் துணிவுடையதாதல் வேண்டும். ஆயின் அத்துணிவு இரண்டு வண்ணங்களோடு நின்றுவிடுதலும் வேண்டும். இக்கருத்தை நெய்வேலி நகரியத்து வீடுகளை முன்வைத்துக் கூற விழைகின்றேன்.

நெய்வேலியின் வரலாறு நேயர் அறிந்ததே. பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ஆம் ஆண்டு தோன்றிற்று. 1957-இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தென்பட்டது. பணியாளர் உறைதற்பொருட்டு வட்டம் வட்டமாக வீடுகள் எழுந்தன. ஓர் அச்சில் வார்த்தெடுத்தாற்போன்று வரிசையாய் நிற்கும் அவ்வீடுகளில், எண்ணைப் பார்த்தன்றி நண்பன் இல்லத்தைக் கண்டறிதல் புதியவர்க்கு அரிது. இவ்விடத்தே வண்ணத்திற்கு எதிராக எழும் வாதம் வலியது. "வீடு நிறுவனத்தினுடையது, பணி ஓய்ந்த பின்னர்த் திறவுகோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியவர் நாம். நமதல்லாத சுவரை அழகு செய்வானேன்?" என்பர்.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் முப்பதாண்டு பணிபுரியும் ஒருவர்தம் மகவு அக்கூடத்திலேதான் தவழ்கின்றது, எழுத்தறிகின்றது, பின்னர் மணம்பெற்றுப் பிரிகின்றது. தந்தைக்கு அது தங்குமிடம். மகவுக்கோ பிறந்த வீடு அதுவன்றி வேறில்லை. சுவர் யாருடையது என்பதற்குப் பத்திரம் விடைகூறும். வாழ்வு யாருடையது என்பதை எந்தப் பத்திரத்தில் தேடுவது?

நிற்க. இரு வண்ணங்கள் யாவை? நெய்வேலியில் அவற்றைத் தேடித் தொலைவு செல்லவேண்டுவதில்லை. சுரங்கத்தின் விளிம்பில் நின்று வெட்டுமுகத்தை நோக்குவார் செந்நிற மண்ணையும், அதன்கீழ் ஆங்காங்கே வெண்களிமண்ணையும், அடியிற் கரும்பழுப்பு நிலக்கரியையும் காண்பர். அவ்வெண்களியைக் கழுவித் தூய்மையாக்கும் ஆலையொன்றும் முன்னாளில் அவ்வூரில் இருந்தது. ஆகவே செம்மையும் வெண்மையும் அந்நிலம் தானே எடுத்துக்காட்டும் நிறங்கள். நிலக்கரிக்கு இடந்தந்து பெயர்ந்த சிற்றூர்களை எண்ணும்போது இப்பொருள் இன்னும் சற்றே கனக்கின்றது. நம் சிற்றூர் வீடுகளின் பழைய கோலம் யாது? சுண்ணாம்பு பூசிய சுவர், அதன் அடியிற் காவிப்பட்டை, வாயிலில் வெண்மாக் கோலம், கோலத்தைச் சூழச் செம்மண் கரை. சுரங்கம் அகல அகல அத்தகைய திண்ணைகள் மறைந்தன. திண்ணையை மீட்டல் நம்மால் ஆகாது. அதன் நிறத்தையேனும் கூடத்துட் கொணரலாம்.

இஃது ஏழை வீட்டு வழக்கமன்றோ என்று முகஞ்சுளிப்பார்க்கு நெடுநல்வாடையை நினைவூட்டுதல் தகும். பாண்டிமாதேவி வைகும் உள்ளறையை நக்கீரர் வருணிக்குமிடத்து, வெண்சுதை தீற்றிய அழகையும், செம்பின் நிறங்கொண்ட நெடிய சுவரையும், அச்சுவரில் வளைந்தோடும் ஒரே பூங்கொடி ஓவியத்தையும் காட்டுகின்றார். பல்வண்ணம் வாங்கப் பொருளில்லாத அரண்மனை அன்று அது. பொருளிருந்தும் இரண்டிற்குள் அமைந்தமையே அதன் சிறப்பு. யாப்பிலே முரண்தொடை என ஒன்றுண்டு. மாறுபட்ட இரு சொற்களை அடுத்தடுத்து நிறுத்தப் புலவன் அறிவான். 

மேனாட்டு அறிஞரும் வேறு வழியால் இவ்விடத்திற்கே வந்துசேர்ந்தனர். பாரிசு நகரத்துக் கோபெலின் திரைச்சீலை நெசவுச்சாலையிற் சாயத்துறைக்குத் தலைவராயிருந்தவர் செவ்ரூல் என்னும் வேதியியலறிஞர். அங்கு நெய்த சீலைகளிற் கருஞ்சாயம் வலிவற்றுத் தோன்றுவதாகக் குறை எழுந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார், சாயத்திற் பிழையில்லை. பக்கத்தே நெய்யப்பட்ட வேறு நிறங்களே கறுப்பைக் கெடுத்தன என்று கண்டார். ஒரு நிறம் தன் அயல்நிறத்தை மாற்றிக்காட்டும் இவ்வியல்பை 1839-இல் அவர் பெருநூலாக வெளியிட்டார். அவ்விதிப்படி, செம்மையின் அருகிருக்கும் வெண்மை சிறிதே நீலப்பசுமை சார்ந்து குளிர்ந்து தோன்றும். நெய்வேலி வெயிலில் உழைத்து மீள்வார்க்கு இது வேண்டாத பயனா? நான்கு சுவரும் வெண்மையாயின், அவ்வெண்மையைக் குளிர்விக்க அயலொருவன் இல்லை.

ஆனால் அளவு தப்பினால் யாவும் கெடும். சிவப்பு ஒளியை விழுங்கும். புதுச்சுண்ணாம்போ விழும் ஒளியிற் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். ஆதலின் சாளரத்திற்கு எதிர்ச்சுவர் வெண்மையாகவே இருத்தல் வேண்டும். அறைக்கு ஒளியைப் பங்கிட்டுக் கொடுப்பது அதுவே. சாளரம் அமைந்த சுவரும் வெண்மையாதல் நலம்; இன்றேல் வெளியொளியின் பக்கத்தே அஃது இருண்டு கண்கூசும். காவிக்குரியது பக்கச்சுவருள் ஒன்று. அறை நீண்டு குறுகியதாயின், பக்கச்சுவரை விடுத்துக் கடைகோடிச் சுவரில் அதனைப் பூசலாம். அச்சுவர் சற்றே நெருங்கிவந்தாற்போலத் தோன்றி நடைவழித் தோற்றத்தைக் குறைக்கும்.

காவி இரும்பின் துருவோடு உறவுடைய மண். சுண்ணாம்பின் காரம் அதனை வெளுக்கச் செய்யாது. செடிகொடிகளினின்றும் எடுத்த சாயங்கள் பலவும் சுண்ணாம்பில் நிலைபெறா. வெள்ளையடிக்குங்கால் சிறிது நீலம் கலக்கும் நம் பாட்டியர் வழக்கத்தைக் கைவிட வேண்டா. எண்ணெய் வண்ணமோ எமல்ஷனோ பூசிய சுவராயின் சுண்ணாம்பு பற்றாது உதிரும். சுரண்டிய பின்னரே பூசுதல் வேண்டும். நிறுவன வீட்டிற் சுவரைத் தொடுமுன் விதியைக் கேட்டறிதல் முறை. தொட இயலாதார்க்குப் பவானி ஜமக்காளம் இருக்கின்றது. அழுத்தமான நிறங்களைப் பட்டைபட்டையாக அஞ்சாது நெய்யும் அந்நெசவாளர் கைத்திறத்தைத் தரையில் விரித்து, வாயிலில் ஒரு வெண்டிரை தொங்கவிட்டால் கூடம் பெரும்பாலும் நிறைவுறும்.

இதன்பின் வருவதே கடினமான பகுதி. மூன்றாம் வண்ணம் நுழையாமற் காத்தல் வேண்டும்! பளபளக்கும் நாட்காட்டி ஆறு, நெகிழிப்பூங்கொத்து இரண்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஊதாநிறப் போர்வை ஆகியன நம் கூடங்களைக் குறுகச் செய்கின்றன. குற்றம் அறையின் அளவினது அன்று.

வேறிரு தடைகளும் உண்டு. நம் நாட்டில் இரு வண்ணம் இணைந்தவிடத்துக் கொடியைத் தேடுதல் வழக்கம். கறுப்பும் சிவப்பும் ஒருங்கே பூசியவன், அழகையே கருதினேன் என்று ஆணையிட்டாலும் தொழிற்சங்கத் தேர்தற் காலத்தில் அயலார் நம்பார். காவிக்கும் அவ்விடர் இன்று நேர்ந்துள்ளது. யான் கூறுவது செங்கல்லுக்கு அண்ணன்முறை வேண்டும் செம்மண் காவி என்பதை ஈண்டு அழுத்திச் சொல்கின்றேன். காவியும் வெள்ளையும் கோயில் மதிலுக்குரியன அல்லவோ, கிறித்தவராகிய நீர் இதனைப் பரிந்துரைப்பானேன் என்று நண்பர் ஒருவர் நகைத்தார். மதில் எழுமுன்னரே மண்ணில் இருந்த நிறங்கள் அவை என்றேன். அவர் அதற்குமேல் வாதிக்கவில்லை, உடன்பட்டாரென்றும் சொல்வதற்கில்லை.

சாம்பலும் கரித்தூளும் படியும் ஊரில் வெண்சுவர் நிற்குமா என்பது மற்றொரு தடை. மெய்யே, நில்லாது. அதனாலன்றோ முன்னோர் சுவரின் அடியிற் கைபடும் உயரத்துக்குக் காவிப்பட்டை தீட்டினர். அழுக்கு முதலிற் சேருமிடம் அதுவே. அங்கே அது தோன்றாது. மேற்பகுதிக்கு ஆண்டுதோறும் ஒருமுறை சுண்ணாம்பு போதும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் நம்மிடை இன்னும் முற்றும் ஒழியவில்லை. வருகின்ற பொங்கலுக்கு ஒரேயொரு சுவரை மட்டும் காவிக்கு ஒதுக்கி ஓராண்டு பார்க்கலாம். வீட்டார்க்கு ஒவ்வாதாயின், அடுத்த ஆண்டு மூன்று நான்கு முறை சுண்ணாம்பு பூச அது மறைந்துபோகும்.