அவசர சிகிச்சைப் பிரிவைச் சீக்கிரமே காட்டுங்கள்

மருத்துவம் படிக்கும் நண்பர்களிடம் எந்தத் துறை பிடிக்கும் என்று கேட்டால் இதயம், குழந்தை நலம், அறுவை சிகிச்சை என்று பதில் வரும். அவசர மருத்துவத்தை முதலில் சொல்பவர்கள் குறைவு. பார்க்காத ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? இரண்டாம் ஆண்டு மாணவியான நான் இதுவரை அதிகம் பார்த்தது பாடப்புத்தகங்களைத்தான்.

சிங்கப்பூரில் 1984லேயே சிறப்புத் துறையாக அங்கீகரிக்கப்பட்டது அவசர மருத்துவம். அங்கு வருவோரை முதலில் பி1 முதல் பி4 வரை பிரிக்கிறார்கள். பி1 என்றால் உயிருக்கு ஆபத்து. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தத்துடன் நோயாளி சொல்லும் சொற்களும் அதைத் தீர்மானிக்கின்றன. என் கவலை இங்கேதான். தேக்காவில் ஒரு பெரியவர் “நெஞ்சு கரிக்குது” என்கிறார். அது அஜீரணமா, மாரடைப்பின் தொடக்கமா? “அடைக்குது”, “படபடன்னு வருது”, “கிறுகிறுங்குது” என்பவற்றை ஆங்கிலத்தில் சொல்லும்போது பாதி பொருள் நழுவிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் கூடும் ஊழியர்கள் பலருக்கும் இதே நிலைதான்.

ஆய்வு என்றால் சுயவிவரத்தில் ஒரு வரி என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் டாக்டர் மார்கஸ் ஓங் போன்றோர் 2010ல் தொடங்கிய ‘பாரோஸ்’ ஆசிய ஆய்வைப் பாருங்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயத்துடிப்பு நின்றவர்களின் விவரங்களைப் பல நாடுகளில் ஒரே முறையில் திரட்டுகிறார்கள். சிபிஆர் தராமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. 995ஐ அழைப்பவருக்குத் தொலைபேசியிலேயே சிபிஆர் சொல்லித்தருவது, 2015ல் வந்த ‘மைரெஸ்பாண்டர்’ செயலி போன்ற முயற்சிகளால் என்ன பலன் என்பதை இத்தகைய பதிவுகளே காட்டுகின்றன.

நெரிசலான பிரிவில் மாணவர்கள் இடைஞ்சல் என்பார்கள். நியாயம்தான். ஆனால் நோயாளியைத் தொடவேண்டியதில்லை. வகைப்படுத்தும் தாதியின் அருகில் இரண்டு வாரம் உட்கார்ந்து கேட்டாலே போதும். அந்த விருப்பப்பாடத்தை இறுதி ஆண்டுகளுக்குத் தள்ளாமல், ஓர் ஆய்வுக் கேள்வியோடு சேர்த்துத் தரலாம்.

என் கேள்வி தயார்: தமிழில் நெஞ்சுவலியைச் சொல்பவர்கள் எந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறார்கள், அவை எப்படிப் பதிவாகின்றன? நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வழிகாட்ட ஒரு மருத்துவரும் வேண்டும். தமிழ் படித்த மாணவர்கள் மூன்று மருத்துவப் பள்ளிகளிலும் இருக்கிறோம்.