கடைச் சைக்கிளைச் சுவரில் ஏற்றுவோம்

மோட்டார் சைக்கிள் வந்தது, குட்டியானை வந்தது. ஆனாலும் மளிகைக் கடையை விட்டுச் சைக்கிள் போய்விடவில்லை. பக்கத்துத் தெருவுக்கு இரண்டு கிலோ துவரம் பருப்பும் ஒரு பாக்கெட் எண்ணெயும் கொண்டுபோக இன்றும் அதுதான் வசதி. கடை ஊழியர்களில் பலர் வேலைக்கு வருவதும் சைக்கிளில்தான். பிள்ளைக்குப் பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளைப் படிப்பு முடிந்த பிறகு தகப்பனார் ஓட்டி வருவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம்.

கடைக்குள் ஊறுகாய் பாட்டிலுக்கும் ஊதுபத்திக்கும் கூட இடம் ஒதுக்கி வைத்திருக்கும் நாம், இந்தச் சைக்கிளுக்கு மட்டும் ஓர் இடம் வைக்கவில்லை. பகலில் அது கடை வாசலில், வாடிக்கையாளர் ஏறி வரும் படியை மறித்துக்கொண்டு நிற்கிறது. மழை வந்தால் குடோனுக்குள் தள்ளி, அரிசி மூட்டைமேல் சாய்த்துவிடுகிறோம். பெடல் குத்தி எண்ணெய் அட்டைப்பெட்டி நனைவதும், ஹேண்டில் உரசிச் சாக்கு கிழிவதும் யாருக்கும் புதிதல்ல. அதைச் ‘சேதாரம்’ என்று கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

சைக்கிள் வெளியில் நின்று திருடுபோனால் கதை வேறு. ஊழியருடைய சைக்கிள் என்றால், “பூட்டிவிட்டுத்தானே போனாய்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிடும் முதலாளிகள் உண்டு. இது சரியல்ல என்பது நமது கருத்து. காலை எட்டு மணிக்கு நம் கடைக்கு வந்து இரவு பத்து மணிக்குப் போகிறவர், அத்தனை நேரமும் தமது சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அவர் நம் சரக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய சைக்கிளுக்குக் கூரைக்குக் கீழே இடம் கொடுப்பது முதலாளியின் பொறுப்பே.

இடம் எங்கே என்று கேட்பார்கள். தரையில் இல்லை, ஒப்புக்கொள்கிறோம். சாதாரணக் கறுப்புச் சைக்கிள் ஒன்று ஆறடிக்குச் சற்றுக் கூடுதலான நீளமும், ஹேண்டில் பாரோடு சேர்த்து இரண்டடி அகலமும் கொண்டது. அதாவது 12 சதுர அடி. மூன்று சைக்கிள் நின்றால் 36 சதுர அடி. பத்துக்குப் பதினைந்து குடோனில் இது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு! வாடகை கொடுப்பது தரைக்கு; சுவர் சும்மா இருக்கிறது. வீட்டுக் கார் ஷெட்டையே குடோனாக வைத்திருக்கும் சிறு வியாபாரிக்கு இந்தக் கணக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

சுவரில் கொக்கி அடித்துச் சைக்கிளைத் தொங்கவிடுவது ஒன்றும் புதுமையல்ல. சைக்கிள் ரிப்பேர் கடைக்காரர் நெடுநாளாகச் செய்வதுதான். முன் சக்கரத்தின் ரிம்மைக் கொக்கியில் மாட்டிச் சைக்கிளை நெட்டாக நிறுத்தினால், ஒன்றுக்கு ஏழு சதுர அடி போதும். ஒரு கொக்கியை உயரத்திலும் அடுத்ததை ஓரடி தாழ்த்தியும் வைத்தால், ஹேண்டில்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இன்னும் நெருக்கமாக மாட்டலாம். ரிம் கோணிவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஓட்டுகிற ஆளையும் கேரியரில் மூட்டையையும் தாங்குகிற சக்கரம், சைக்கிளின் சொந்தப் பாரத்தைத் தாங்காதா? தூக்குவது சிரமம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். 2022 ஜூலையில், 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. விதித்த பிறகு, ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். அந்த மூட்டையைத் தோளில் ஏற்றுகிற கைக்கு 20 கிலோ சைக்கிள் பெரிதல்ல. அதையும் முழுக்கத் தூக்க வேண்டியதில்லை. பின் சக்கரத்தைத் தரையில் ஊன்றி நிமிர்த்தினால் பாதி வேலை முடிந்துவிடும்.

நாம் வற்புறுத்திச் சொல்ல வருவது கொக்கியைப் பற்றி. நம்மவர்கள் காலண்டர் மாட்டுகிற ஆணியில் சைக்கிளையும் மாட்டப் பார்ப்பார்கள். பழைய தராசுக் கொக்கியைத் தேடி எடுப்பவர்களும் உண்டு. இது ஆபத்து. மேலே இருந்து சைக்கிள் விழுந்தால், கீழே குனிந்து பருப்பு அள்ளிக்கொண்டிருப்பவர் தலையில்தான் விழும். 10 மில்லிமீட்டருக்குக் குறையாத இரும்புக் கம்பியில் வெல்டிங் பட்டறையில் கொக்கி செய்து வாங்குங்கள். ஒரு டின் எண்ணெய் விலை கூட ஆகாது. கம்பியின்மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டால் ரிம்மில் கீறல் விழாது.

கொக்கியைவிடச் சுவரைத்தான் கவனிக்க வேண்டும். கான்கிரீட் என்றால் ஆங்கர் போல்ட் பிடித்துக்கொள்ளும். நம் பழைய பஜார்களில் பல கட்டடங்கள் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியவை. அங்கே துளை போட்டால் மாவாக உதிரும். போல்ட் இன்று பிடித்ததுபோல் இருந்து ஆறு மாதத்தில் வெளியே வரும். அப்படிப்பட்ட சுவரில் தனிக் கொக்கி கூடவே கூடாது. ஒரு தடித்த பலகையையோ இரும்பு ஆங்கிளையோ நான்கைந்து இடத்தில் முடுக்கி, பாரத்தைப் பரப்பிவிட்டு, அதில் கொக்கி வைக்க வேண்டும். அதற்கும் லாயக்கில்லாத சுவர் என்றால் தரையில் நிற்கும் ஆங்கிள் ஸ்டாண்டு செய்துகொள்வதே நல்லது. கடை சொந்தமில்லையென்றால் கட்டடக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முன்பணத்தில் பிடித்துக்கொள்வாரோ என்ற கவலை பிறகு வேண்டாம். மின்சாரக் குழாய் போகும் வழியில் துளையிடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் சைக்கிளை மாட்டுவதற்கு முன் 50 கிலோ சீனி மூட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே இரவு முழுவதும் தொங்கவிட்டுப் பாருங்கள். காலையில் கொக்கி அசையாமல் இருந்தால் நம்பலாம். சோதனைக்கு நம்மிடம் இல்லாத சாமானா?

மாட்டுகிற இடத்திலும் ஒரு கண் வேண்டும். செயினிலிருந்து எண்ணெய் சொட்டும், டயரிலிருந்து சேறு உதிரும். சாக்கு அவிழ்த்து வைத்த அரிசிக்கும் பருப்புக்கும் மேலே சைக்கிள் தொங்கினால், உணவுப் பாதுகாப்பு அதிகாரி எழுதிவிட்டுப் போவார்; அவர்மேல் குறை சொல்ல முடியாது. சோப்பு, துடைப்பம், பிளாஸ்டிக் சாமான் வைத்திருக்கும் மூலைதான் அதற்குப் பொருத்தம். பேட்டரியில் ஓடும் கனமான சைக்கிளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது தரையிலேயே நிற்கட்டும்.

மிஞ்சுகிற தரையில் இன்னும் நாலு சிப்பம் அடுக்கலாம் என்று உடனே மனம் போகும். போகட்டும், வியாபாரிகள்தானே! ஆனால் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். “ஸ்டூல் போட இடமில்லை” என்று அப்போதிருந்து சொல்லிவருகிறவர்கள், முதல் ஸ்டூலை அந்த இடத்தில் போடலாம்.

நம் சங்க உறுப்பினர்களில் ஹார்டுவேர் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். பத்துக் கடைக்குச் சேர்த்து ஒரே பட்டறையில் கொக்கி செய்தால் விலையும் குறையும், தரமும் ஒன்றுபோல் இருக்கும். ஆயுத பூஜைக்குக் குடோனைக் காலி செய்து வெள்ளையடிக்கும்போது சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். துளை போட ஆளைக் கூப்பிடுவதென்றால் வெள்ளையடிப்பதற்கு முதல் நாள் கூப்பிடுங்கள். காரைத் தூசியெல்லாம் அன்றைக்கே பெருக்கி முடிந்துவிடும்.