வண்டியோடு வந்து வண்டியோடு போன சிக்னல்

சற்று நீண்ட பதிவு. களப்பணிக்குப் புறப்படும் இளம் ஆய்வாளர்களையும் அவர்களை அனுப்பிவைக்கும் நெறியாளர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

பனி உருகி மலைப்பாதைகள் திறக்கும் காலம் வந்ததும் ஆண்டுதோறும் ஒரே கேள்வி என்னிடம் வருகிறது: "உள்ளேயே தங்கிக்கொள்ளும் வண்டியில் போகிறோம். கூரையில் சிக்னல் பூஸ்டர் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாமா?" வேண்டாம் என்பதே என் விடை. இதுவரை தனித்தனியே சொல்லிவந்த காரணங்களை இங்கே பொதுவில் வைக்கிறேன். அவற்றோடு, நான் எங்கும் எழுதாத ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும்.

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்–ஸ்பிதி மாவட்டம் மொழியியல் மாணவருக்கு வாய்த்த அரிய களம். லாஹௌலில் பட்டனி, தினன், புனன் ஆகிய திபெத்திய–பர்மிய மொழிகளும், சினாலி என்னும் இந்தோ–ஆரிய மொழியும் அக்கம்பக்கத்தில் வழங்குகின்றன. குன்சும் கணவாயைத் தாண்டினால் ஸ்பிதியில் திபெத்தியக் கிளையைச் சேர்ந்த போட்டி மொழி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் மூத்த ஆய்வாளர் ஒருவருடன் ஸ்பிதியின் மேட்டுக் கிராமம் ஒன்றுக்குச் சென்றேன். கிராமத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். வாடகைக்கு எடுத்த வண்டியில் பூஸ்டர் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. கூரையில் ஓர் ஆண்டெனா, இருக்கைக்கு அடியில் பெருக்கி, உள்ளே இன்னொரு சிறிய ஆண்டெனா. அது சட்டப்படி செல்லுமா என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

ஊருக்குள் கைபேசிகளில் ஒரு கோடு தோன்றும், மறையும். ஊரின் விளிம்பில் வண்டியை நிறுத்தினால் வண்டிக்குள் மட்டும் பேச முடிந்தது. முதல் நாள் எங்கள் தகவலாளரான மூதாட்டி, சிம்லாவில் படிக்கும் பேத்தியுடன் பேசினார். இரண்டாம் நாள் மாலை வண்டிக்கு வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள், அதுவரை எங்களிடம் பேசத் தயங்கியவர்களும் சொற்பட்டியலுக்கு விடைசொல்ல வந்து அமர்ந்தார்கள். பதிவு முடிந்ததும் வண்டியில் ஏறிப் பேசினார்கள். அந்தப் பயணத்தில் கிடைத்த தரவு நான் எதிர்பார்த்ததைப் போல் இரு மடங்கு. என் நெறியாளர் பாராட்டினார்.

இனி காரணங்கள்.

முதலாவது, அந்தக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது. ஒலிப்பதிவு செய்து பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பேசுபவர் பத்தடி தள்ளி அமர்ந்திருக்க, பதிவுக் கருவியின் ஒலியளவைக் கூட்டினால் அவர் குரலோடு காற்றின் இரைச்சலும் நாயின் குரைப்பும் சேர்ந்தே உயரும். பூஸ்டரும் அப்படித்தான். வெளியே வலுக்குறைந்து வந்து சேரும் அலையை இரைச்சலோடு சேர்த்துப் பெருக்கி உள்ளே தருகிறது. உள்ளிருக்கும் கைபேசியின் அலையைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது. வண்டியின் உலோக உடல் விழுங்கும் அலையை அது மீட்டுத் தரும். மலை மறைவில் மெலிந்துபோன அலையைப் பயன்படும் நிலைக்கு உயர்த்தவும் கூடும். ஆனால் ஒன்றுமே வந்து சேராத இடத்தில் பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. குன்சும் கணவாயின் இருபுறமும் நீளும் பாதையில் மணிக்கணக்காக எந்தக் கோபுரமும் எட்டாது. அங்கே பூஸ்டர் வெறும் பெட்டி. "பாதுகாப்புக்காக" என்று அதை வாங்குபவர்கள், பாதுகாப்பு மிகத் தேவைப்படும் இடத்தில்தான் அது கைவிடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சட்டம். கம்பியில்லாத் தொடர்புக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் தடைசெய்தது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் பூஸ்டரை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டத்துக்குப் புறம்பானவை என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் வெளியிட்ட அறிவுரையில் தெளிவாகவே கூறியது. இணையக் கடைகளில் கிடைக்கிறது என்பதால் அது அனுமதிக்கப்பட்டது என்று பொருளாகாது.

இத்தடையை அதிகாரத்தின் வீம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. கைபேசி எவ்வளவு ஆற்றலுடன் ஒலிபரப்ப வேண்டும் என்பதைக் கோபுரம் நொடிக்கு நொடி கட்டுப்படுத்துகிறது. பலருடைய அழைப்புகள் ஒன்றையொன்று மூழ்கடிக்காமல் இருப்பது அதனால்தான். தரமற்ற பூஸ்டர் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாமல் இரைச்சலையும் பெருக்கிக் கோபுரத்தின் காதில் கொட்டுகிறது. இரண்டு ஆண்டெனாக்களும் போதிய இடைவெளியின்றி இருந்தால், திருமண வீட்டு மைக் ஒலிபெருக்கிக்கு அருகில் போனதும் கூவுவதைப் போல, கருவி தன் அலையைத் தானே மீண்டும் மீண்டும் பெருக்கத் தொடங்கும். வண்டிக் கூரையில் அந்த இடைவெளி கிடைப்பதே கடினம். நகரத்தில் ஒரு கோபுரம் தடுமாறினால் பக்கத்துக் கோபுரம் ஈடுசெய்யும். பள்ளத்தாக்கில் நான்கைந்து ஊர்களுக்கு ஒரே கோபுரம். நம் வண்டிக்குள் அழைப்பு தெளிவாகக் கேட்கும் நேரத்தில், கீழூரில் யாரோ ஒருவரின் அழைப்பு துண்டிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். நமக்கு அது தெரியவே வராது.

ஆயினும் முழுத்தடை ஒன்றே வழி என்று நான் கருதவில்லை. அமெரிக்காவில் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2013இல் நுகர்வோர் பூஸ்டர்களுக்குத் தனி விதிகள் வகுத்தது. இரைச்சலை உணர்ந்து தானே ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும், கூவத் தொடங்கினால் தானே அணைந்துவிடும் கருவிகளுக்கு மட்டுமே சான்று. வாங்குபவர் அதைத் தம் தொலைபேசி நிறுவனத்தில் பதிவுசெய்ய வேண்டும். வண்டிகளில் பொருத்தும் பூஸ்டருக்குப் பெருக்கத்தின் உச்சவரம்பு 50 டெசிபெல். அதுவே ஆற்றலில் ஒரு லட்சம் மடங்கு. அங்கே சரக்குந்தின் முதுகில் வீட்டை ஏற்றிக்கொண்டு பாலைவனங்களில் திரிவோர் பூஸ்டரை வெளிப்படையாகப் பயன்படுத்துவது இந்த ஏற்பாட்டால்தான். சான்றளிக்கப்பட்ட இத்தகைய ஒரு வகையை இங்கும் உருவாக்கலாம். தேவை இருக்கும்போது தடை மட்டும் இருந்தால் கள்ளச்சந்தைதான் வளரும். இது சட்டம் மாற வேண்டும் என்பதற்கான வாதம். மாறும்வரை மீறலாம் என்பதற்கான வாதம் அல்ல.

மூன்றாவது காரணமே என்னை இப்பதிவை எழுத வைத்தது. எங்கள் ஒப்புதல் படிவத்தில், பங்கேற்பு முற்றிலும் தன்விருப்பத்தின்பாற்பட்டது என்றும், எந்நேரமும் விலகிக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி உண்டு. மூன்றாம் நாள் வந்து அமர்ந்தவர்கள் அந்த வரியின் கீழ்தான் கையொப்பமிட்டார்கள். அவர்களுள் எத்தனை பேர் தம் மொழியின் பொருட்டு வந்தார்கள், எத்தனை பேர் வண்டிக்குள் கிடைத்த அந்த ஐந்து நிமிட அழைப்பின் பொருட்டு வந்தார்கள்? அந்த அழைப்பை எவருக்கும் நாங்கள் மறுக்கவில்லை, விலைபேசவும் இல்லை. ஆனால் வண்டியின் சாவி எங்களிடம் இருந்தது. ஐந்நூறு ரூபாய் கொடுத்திருந்தால் அதைச் சன்மானம் என்று கணக்கெழுதி நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவித்திருப்போம். பணத்தைவிட அங்கே மதிப்பு மிகுந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதை எங்கும் குறிக்காமல் விட்டோம். என் ஆய்வேட்டின் முறையியல் இயலில் பதிவுக் கருவியின் பெயர் இருக்கிறது, ஒலிவாங்கியின் தூரம் இருக்கிறது, பூஸ்டர் இல்லை. அந்த இயலை இப்போது திருத்தி எழுதிவருகிறேன். மூன்றாம் நாளுக்குப் பின் ஒப்புதல் தந்தவர்களின் தரவைத் தனியே பிரித்து வைத்திருக்கிறேன். அவர்களிடம் மீண்டும் சென்று, வண்டி இல்லாமல், கேட்ட பிறகே அதைப் பயன்படுத்துவேன்.

"அந்த மூதாட்டி பேத்தியிடம் பேசியது நல்லதுதானே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்லதுதான். அந்த நன்மை எங்கள் வாடகை வண்டியைச் சார்ந்து இருந்ததுதான் கோளாறு. தொடர்பு வசதியற்ற 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை வழங்க, 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. ஸ்பிதியின் கியூ கிராமத்துக்குக் கைபேசித் தொடர்பு 2024 ஏப்ரலில்தான் முதன்முறையாக வந்தது. அரசு நிதியில் எழுந்த கோபுரங்களை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. மலைவாழ் மக்களின் அன்றாடத்தை மாற்றக்கூடியவை இவையே. களத்தில் எங்கே தொடர்பு கிடைக்கிறது, எங்கே அறுகிறது என்பதை நம்மைப் போல் ஊர் ஊராகக் குறித்துவைப்பவர்கள் குறைவு. அக்குறிப்புகளை ஊராட்சியிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் ஒப்படைப்பது, பூஸ்டரை வாங்குவதைவிடப் பயனுள்ள பணி.

புறப்படுவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். செல்லும் பகுதியில் எந்த நிறுவனத்தின் கோபுரம் உண்டென்று உள்ளூராரிடம் கேட்டு, அந்தச் சிம்மையும் சேர்த்து இரண்டாக எடுத்துச் செல்லுங்கள். லடாக்குக்குச் செல்வோர் போஸ்ட்பெய்டு இணைப்புடன் செல்ல வேண்டும். பிற மாநில முன்கட்டணச் சிம் அங்கே இயங்காது. 112 என்ற அவசர எண்ணை அழைத்தால், கிடைக்கும் எந்தக் கோபுரத்தின் வழியாகவும் கைபேசி இணைய முயலும் என்பதை நினைவில் வையுங்கள். செயற்கைக்கோள் தொலைபேசியை உரிமமின்றிக் கொண்டுசெல்லாதீர்கள், அதுவும் குற்றமே. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஊரிலிருந்து எப்போது புறப்படுகிறீர்கள், எப்போதைக்குள் தகவல் தருவீர்கள், தராவிட்டால் யார் யாரைத் தேட வேண்டும் என்பதைத் தாளில் எழுதித் துறையிலும் ஊரிலும் கொடுத்துச் செல்லுங்கள். நெறியாளர்கள் இத்தாளைக் கேட்டு வாங்காமல் மாணவரை அனுப்பக் கூடாது.

நாங்கள் கிளம்பிய காலையில் மூதாட்டி தேநீர் கொடுத்துவிட்டு இந்தியில் ஒன்று கேட்டார்: "நாளைக்கு உங்கள் வண்டி எந்த ஊரில் நிற்கும்?" வழியனுப்பும்போது கேட்கும் வழக்கமான கேள்வி என்று எண்ணி அடுத்த ஊரின் பெயரைச் சொன்னேன். அவர் எழுந்து, அந்த ஊருக்கு நடந்தால் எவ்வளவு நேரமாகும் என்று தம் மகனிடம் கேட்டார். பேத்திக்குத் தேர்வு முடிவு வரும் நாள் அது என்பதை வண்டி கிளம்பிய பிறகே ஓட்டுநர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.