ஹாகிஸைப் பார்த்துச் சிரிக்காதீங்க!

ஸ்காட்லாந்து என்று சொன்னவுடனே நம்ம ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஆட்டு வயித்துக்குள்ள எதையோ அடைச்சுத் தருவாங்களாமே, சாப்பிட்டியா?" கேட்கும்போதே ஒரு சிரிப்பு. போன மாதம் ஊரிலிருந்து பழைய கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர் எடின்பரோ வந்திருந்தார்கள். ஹாகிஸ் வாங்கினோம். ஆளுக்கு ஒரு கரண்டி வாயில் வைத்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள், சுளித்த முகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு பர்கர் சாப்பிடப் போய்விட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்குத் தகுதி கிடையாது என்பது வேறு விஷயம். இரண்டு வருஷம் முன்னால் நான் செய்ததும் இதேதான். நான் செய்தது ஓட்டலில்கூட இல்லை, என் அறையில் தங்கியிருந்த ஸ்காட்லாந்துப் பையனின் பாட்டி வீட்டில், அவர் கையால் பரிமாறிய தட்டில்.

பாட்டி கோபப்படவில்லை. "உங்க ஊர்ல ஆடு வெட்டினா, கறி போக மிச்சத்தை என்னப்பா செய்வீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் மதுரைக்காரன். ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பு, ஈரல் வறுவல், ரத்தப் பொரியல் எல்லாம் வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே இறங்கிவிட்டது. பாட்டி சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி வைத்தார். அதைச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது!

உள்ளே இருப்பது இவ்வளவுதான்: ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலைப் பொடியாக நறுக்கி, ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு சேர்த்து, ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து வேகவைப்பது. இப்போது கடைகளில் விற்பது பெரும்பாலும் செயற்கை உறையில்தான் வருகிறது, ஆகவே "வயிறு" என்று பயப்படவும் வேண்டியதில்லை. கூட மசித்த உருளைக்கிழங்கும் மஞ்சள் டர்னிப்பும் வைப்பார்கள். கொஞ்சம் மிளகுக் காரம், ஓட்ஸின் நறநறப்பு. நம் நாக்குக்கு பர்கரைவிட இதுதான் பக்கம் என்பது என் கட்சி. (அமெரிக்காவில் 1971 முதல் உணவில் ஆட்டு நுரையீரலுக்குத் தடை. அதனால் அசல் ஹாகிஸ் அங்கே போக முடியாது.) சைவக்காரர்களும் தப்ப முடியாது. எடின்பரோவில் 1984-லேயே பருப்பும் ஓட்ஸும் போட்டு சைவ ஹாகிஸ் செய்துவிட்டார்கள்.

இந்தக் கேலி ஒன்றும் புதுசு இல்லை. 1755-ல் வந்த தன் ஆங்கில அகராதியில் சாமுவேல் ஜான்சன், ஓட்ஸ் என்றால் இங்கிலாந்தில் குதிரை தின்பது, ஸ்காட்லாந்தில் ஜனங்கள் தின்பது என்ற பொருளில் விளக்கம் எழுதினார். இந்த மழைக்கும் குளிருக்கும் கோதுமையைவிட ஓட்ஸும் பார்லியும்தான் நன்றாகத் தாங்கும். விளைந்ததைச் சாப்பிட்டார்கள். ஆட்டில் எதையும் வீணாக்காமல் சாப்பிட்டார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஜான்சனுக்குப் பின் 31 வருஷம் கழித்து ராபர்ட் பர்ன்ஸ் ஹாகிஸுக்கென்றே ஒரு கவிதை எழுதினார். இன்றும் அவர் பிறந்த நாளான ஜனவரி 25 இரவு, பைப் வாசித்து ஹாகிஸை ஊர்வலமாகக் கொண்டுவந்து, அந்தக் கவிதையைச் சொல்லிக் கத்தியால் கீறுகிறார்கள். ஏழைச் சாப்பாட்டுக்கு ராஜ மரியாதை! நம் குடல் குழம்புக்கு யாராவது கவிதை எழுதியிருக்கிறார்களா? தெரிந்தால் சொல்லுங்கள்.

ஹாகிஸோடு நிறுத்துவதும் தப்பு. கடற்கரைப் பக்கம் போனால் மீன் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். வடகிழக்கே கல்லன் என்ற சின்ன ஊரின் பெயரில் 'கல்லன் ஸ்கிங்க்' என்று ஒரு சூப். புகையூட்டிய ஹாடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். மீனும் பாலுமா என்று நானும் முதலில் தயங்கினேன். நவம்பர் மழையில் நனைந்துவிட்டு வந்து குடித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். அதைவிட எனக்குப் பிடித்தது ஆர்ப்ரோத் ஸ்மோக்கி. உப்பிட்ட ஹாடக் மீன்களை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிட்டு, விறகு எரியும் பீப்பாயின் மேல் ஈரச் சாக்கு போட்டு மூடிவிடுவார்கள். புகையிலும் சூட்டிலும் அப்படியே வெந்துவிடும். 2004-ல் இதற்குப் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. ஆர்ப்ரோத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அந்தப் பெயர். சூடாகக் கையால் பிய்த்துத் தின்ன வேண்டும், ஸ்பூன் எல்லாம் கேட்காதீர்கள்.

சாக்லேட்டை மாவில் முக்கி எண்ணெயில் பொரித்துத் தருவது 1990-களில் ஒரு வறுவல் கடையில் ஆரம்பித்த கூத்து. அதை "ஸ்காட்லாந்து உணவு" என்று ஊரில் போய்ச் சொல்லாதீர்கள்.

விஸ்கி? அதற்காகத்தான் பாதிப் பேர் இங்கே வருகிறீர்கள் என்று தெரியும் :) குறைந்தது 3 வருஷம் ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் கிடந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் என்று பெயர். ஐலா தீவுச் சரக்கு பலவற்றில் பார்லியைச் சதுப்பு நிலத்துக் கரிமண் புகையில் காயவைப்பதால் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். அதை முதலில் வாங்கி ஏமாறாதீர்கள். கோலா ஊற்றிக் குடிக்காதீர்கள், நாலு சொட்டுத் தண்ணீர் போதும். குடிக்காதவர்களுக்கு அயர்ன் புரூ இருக்கிறது. 1901 முதல் விற்கும் ஆரஞ்சு நிற சோடா. 2018-ல் சர்க்கரை வரி வருவதற்கு முன்பே அதில் சர்க்கரையைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார்கள். பாட்டிக்கு இன்னும் அந்த ஆத்திரம் தீரவில்லை.

அந்த நண்பர்கள் கோடையில் மறுபடி வருகிறார்களாம். இந்த முறை நேராக ஆர்ப்ரோத்துக்கு ரயில் ஏற்றிவிடப் போகிறேன். மீனைத் தின்று முடிக்கும்வரை போட்டோ கிடையாது என்று இப்போதே சொல்லியாச்சு.