முன்கணிப்பு என்னும் காலவழு

இரைப்பைப் புற்றுநோய் ஆய்வுத்தாள்களில் 'முன்கணிப்பு' என்ற சொல் இன்று அளவின்றிப் புழங்குகிறது. சி.டி. ஸ்கேன் படத்திலிருந்து கட்டியின் வடிவம், அடர்த்தி, இழையமைப்பு முதலிய நூற்றுக்கணக்கான அளவுகளைக் கணினி பிரித்தெடுக்கிறது. கீமோதெரபியால் கட்டி சுருங்குமா, அறுவைக்குப் பின் நோய் திரும்புமா என்பதை அவற்றிலிருந்தே சொல்லிவிடலாம் என்கிறது ரேடியோமிக்ஸ் துறை. நோக்கம் உயர்ந்தது, பயன்தராத மருந்தின் நச்சு ஒருவர் உடலில் ஏறாமல் தடுப்பது பெரும்பேறு. ஆனால் அந்த நோக்கத்துக்குச் சூட்டிய சொல் பிழையானது.

இத்தாள்களிற் பெரும்பாலானவை மருத்துவமனையின் பழைய கோப்புகளிலிருந்து பிறப்பவை. யார் பிழைத்தார், யார் இறந்தார் என்பது முன்பே தெரியும். அம்முடிவுகளோடு பொருந்தும் அளவுகளைத் தேடியெடுத்தபின், வாக்கியம் மட்டும் எதிர்கால வினைமுற்றில் முடிகிறது. இலக்கணத்தில் இதற்குக் காலவழு என்று பெயர். விரைவு, தெளிவு முதலிய காரணங்களால் காலம் மயங்கினால் நன்னூல் அதை அமைதியாக ஏற்கும். இங்கே விரைவு உண்டு, தெளிவு இல்லை.

பயிற்சிக்கு ஒரு பகுதி, சோதனைக்கு மறுபகுதி எனப் பிரித்தோமே என்று விடை வரும். இரு பகுதியும் ஒரே ஊரின், ஒரே கருவியின் படங்களாயின் அச்சோதனை எதை மெய்ப்பிக்கும்? இரைப்பை, உணவுக்கும் நீருக்கும் காற்றுக்கும் ஏற்ப விரிந்து சுருங்கும் உறுப்பு. படத்துண்டின் தடிமன் மாறினாலும், கட்டியின் எல்லையை வரையும் கை மாறினாலும் இழையமைப்பு அளவுகள் பல மாறிவிடும். நோயைக் கற்பதாகச் சொல்லும் மாதிரி கருவியைக் கற்றிருக்கக்கூடும்.

இந்தியாவுக்கு இது வெறும் சொற்பூசல் அன்று. இத்துறையின் தாள்களிற் பெரும்பகுதி கிழக்காசிய நோயாளிகளைப் பற்றியது. கொரியாவிலும் ஜப்பானிலும் நோயைத் தொடக்கத்திலேயே காண அரசுப் பரிசோதனைத் திட்டங்கள் உள்ளன. இந்தியாவில் அத்தகைய திட்டம் இல்லை. பலர் நோய் முற்றியபின்னரே வருகின்றனர். நாட்டுக்குள்ளும் நோய் சமமாகப் பரவவில்லை. மிசோரத்தில் அதன் விகிதம் மிக அதிகம். வேறிடத்தில் கணித்த எண்ணை ஐஸ்வாலின் நோயாளிமீது பொருத்தி, 'மருந்து பலிக்காது' என்று நிறுத்திவிட்டால் கணிப்புத் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்ளும். அவர் இறப்பார், தவறு வெளிப்படாது.

எதிர்காலத்தைப் பேசும் உரிமை காத்திருந்து பெறப்படுவது. 2006இல் வெளிவந்த மேஜிக் ஆய்வு 503 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோதெரபி தந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. ஐந்தாண்டு பிழைப்பு 36 விழுக்காடு. அறுவை மட்டும் பெற்றோரிடம் 23. மருந்துக்கு வைத்த இவ்வளவுகோலைப் படத்துக்கு ஏன் தளர்த்த வேண்டும்?

சூத்திரத்தை முன்னரே பதிந்து பூட்டுக. புதிய நோயாளிகளிடம், பல மையங்களில் சோதிக்க. வழக்கமான நோய்நிலைப் பகுப்பு சொல்வதற்கு மேல் அது என்ன சொல்கிறதென்று காட்டுக. 2012இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு நாடெங்கும் மருத்துவமனைகளை இணைத்து வைத்திருக்கிறது. வழி இல்லையென்று சொல்வதற்கில்லை. அதுவரை இத்தாள்கள் காட்டுவது தொடர்பு மட்டுமே. தலைப்பில் 'முன்கணிப்பு' என்றிருந்தால் நெறியாளரும் தேர்வாளரும் அதை அடித்துத் திருத்த வேண்டும்.