தண்டமா, கட்டணமா?

லேக் கார்டன்ஸை அடுத்த தாக்குரியாவில், 2011 டிசம்பர் 9 அன்று ஆம்ரி மருத்துவமனையில் தீப்பற்றி ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். வாகன நிறுத்தத்திற்கென அனுமதிக்கப்பட்ட அடித்தளம் பொருட்கிடங்காகியிருந்தது. 2024 மார்ச்சில் கார்டன் ரீச்சில் அனுமதியின்றி எழும்பிய ஐந்து மாடிக் கட்டடம் குடிசைகள்மேல் சரிந்து பத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

இவற்றைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் கொல்கத்தா மாநகராட்சிச் சட்டம் இடிப்பாணைக்கும் சிறைத்தண்டனைக்கும் இடமளிக்கிறது. ஆயினும், விதியை மீறிக் கட்டியபின் பணம் செலுத்தி ‘வரன்முறைப்படுத்தி’விடலாம் என்ற நம்பிக்கை அச்சத்தை அழிக்கிறது. செலுத்தித் தப்பக்கூடிய தண்டம் தண்டமன்று. கட்டுமானச் செலவுக் கணக்கில் அதுவும் ஓர் இனம்.

2025 ஏப்ரலில், கொல்கத்தா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அத்தகைய வரன்முறையை மறுத்தது சரியே. எனினும், குடியேறியபின் இடித்தால் தெருவுக்கு வருவது வீடு வாங்கிய குடும்பமே. ஆகவே, முதல் தளம் எழும்போதே பணியைத் தடுக்கத் தவறிய அலுவலரும் தண்டனைக்குரியவராதல் வேண்டும்.